இரண்டாம் மொழி இல்லாத ஒப்பிலக்கியம்

தமிழ் முதுகலை வகுப்புகள் பலவற்றில் ஒப்பிலக்கியம் என்றொரு தாள் இருக்கிறது. அதைப் படித்துத் தேறியவருக்குப் பிரெஞ்சுப் பள்ளி எது, அமெரிக்கப் பள்ளி எது என்று எழுதத் தெரியும். வான் டீகம் என்ன சொன்னார், ரெனே வெல்லக் 1958-இல் அதை ஏன் எதிர்த்தார் என்பதை ஐந்து மதிப்பெண்ணுக்குச் சுருக்கியும் பதினைந்து மதிப்பெண்ணுக்கு விரித்தும் எழுதத் தெரியும். ஆனால் தமிழல்லாத ஒரு மொழியில் ஒரே ஒரு கவிதையையாவது அவர் மூலத்தில் படித்திருக்க வேண்டும் என்று அந்தத் தாள் பொதுவாகக் கேட்பதில்லை. நீந்தாமலே நீச்சலின் வரலாற்றை எழுதித் தேர்ச்சி பெறும் ஏற்பாடு இது.

இதன் விளைவு ஆய்வேடுகளில் தெரிகிறது. ‘பாரதியும் வள்ளத்தோளும்’, ‘பாரதியும் ஷெல்லியும்’ என்னும் வகையில் தலைப்பு அமையும். முதல் இயலில் இருவர் வாழ்க்கையும், இரண்டாம் இயலில் ஒற்றுமைகளும், மூன்றாம் இயலில் வேற்றுமைகளும் வரும். இருவரும் நாட்டை நேசித்தனர், இருவரும் இயற்கையைப் பாடினர், ஒருவர் இந்த யாப்பில் எழுதினார், மற்றவர் அந்த யாப்பில் எழுதினார் என்று முடியும். இந்த இருவரை ஏன் சேர்த்து வைக்க வேண்டும் என்ற கேள்வி எழாது. இரண்டாம் கவிஞரின் அடிகள் மொழிபெயர்ப்பில் மட்டுமே மேற்கோளாக வரும். ஆய்வாளர் ஒரு மொழியில் வாசகராகவும் மறுமொழியில் செவிவழிச் சாட்சியாகவும் இருந்துகொண்டு எழுதிய நூலுக்கு ஒப்பிலக்கியம் என்று பெயர் சூட்டப்படுகிறது.

எல்லா ஊருக்கும் பொருந்தும் இந்தக் குறை திருவனந்தபுரத்தில் மன்னிக்க முடியாததாகிறது. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் நகரம் அது. சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் அங்கிருந்தபடியே தமிழ்ச் சிறுகதை எழுதினார். கேரள மின்வாரியத்தில் பணியாற்றிய நீல பத்மநாபன் ‘தலைமுறைகள்’ எழுதினார். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன் தமிழில் கவிதையும் நாவலும் எழுதினார். கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைக்கு எஸ். வையாபுரிப் பிள்ளை தலைமை வகித்தார். பின்னர் அத்துறைக்குத் தலைவரான வ. அய். சுப்பிரமணியம் 1963-இல் மொழியியல் துறையை உருவாக்கினார். 1971-இல் திராவிட மொழியியல் கழகமும் இந்நகரிலேயே பிறந்தது. திராவிட மொழிகள் நான்கையும் ஒருசேரப் பார்க்கும் பழக்கத்தை இந்தியாவுக்குக் கற்றுத்தந்த ஊர்களில் இதுவும் ஒன்று. இங்கே தமிழ் பயிலும் மாணவர் மலையாள எழுத்தறியாமலும், மலையாளம் பயிலும் மாணவர் தமிழ் எழுத்தறியாமலும் பட்டம் பெற்றுச் செல்ல முடியும் என்றால், பழுது மாணவரிடம் இல்லை.

எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதற்கு ஒரே ஓர் ஆண்டைச் சான்றாகக் காட்டலாம். 1891-இல் பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ வெளிவந்தது. அதே 1891-இல் சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ வெளிவந்தது. முன்னது தமிழில் எழுந்த செய்யுள் நாடகம். பின்னது மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். ஆசிரியர் இருவரும் திருவனந்தபுரத்துக்காரர்கள். மகாராஜா கல்லூரியில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். சுந்தரம் பிள்ளை லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதையிலிருந்து தம் கதைக்கருவை எடுத்தார். ராமன் பிள்ளையின் நாவலில் வால்டர் ஸ்காட்டின் தாக்கம் இருப்பதை மலையாளத் திறனாய்வு நெடுங்காலமாகப் பேசிவருகிறது.

வழக்கமான ஆய்வேடு இங்கே இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்யும். தமிழ் மாணவர் மனோன்மணீயத்தை லிட்டனோடு ஒப்பிடுவார். மலையாள மாணவர் மார்த்தாண்டவர்மாவை ஸ்காட்டோடு ஒப்பிடுவார். இருவரும் கடல்கடந்து இங்கிலாந்துக்குப் போய்த் திரும்புவார்கள். அடுத்த தெருவுக்குப் போகமாட்டார்கள். அடுத்த தெருவுக்குப் போனால் கிடைக்கும் கேள்விகள் எவ்வளவோ வளமானவை. இரண்டு நூல்களும் அரியணைக்கு நேரும் ஆபத்தைப் பற்றியவை. ஒன்றில் பாண்டியன் சீவகனை அவனுடைய அமைச்சன் குடிலனே வஞ்சிக்கிறான். மற்றொன்றில் இளவரசன் மார்த்தாண்டவர்மாவுக்கு எதிராக எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் மன்னனின் மக்களான தம்பிமாரும் சதி செய்கிறார்கள். ஒன்றில் அரசுரிமை மன்னனின் ஒரே மகளுடைய திருமணத்தைச் சுற்றி நிற்கிறது. மற்றொன்றில் அது மருமகனுக்கு உரியது. மகன்மார் அதைப் பறிக்க முயல்கிறார்கள். மக்கள்தாயம், மருமக்கள்தாயம் என்ற இருவேறு வாரிசுமுறைகள் ஒரே ஆண்டில், ஒரே நகரில், இரு மொழிகளில் கதையாயின. பிரிட்டிஷாரின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்த ஒரு சமஸ்தானத்தின் படித்த வகுப்பார், அரசனைக் கெடுக்கும் அணுக்கரைப் பற்றி அந்தக் கட்டத்தில் ஏன் இவ்வளவு கவலைப்பட்டார்கள்? ஒருவர் ஏன் பழைய அகவல் நடையை நாடினார், மற்றவர் ஏன் புதிய உரைநடையை நாடினார்?

நிலமும் பொதுவானது. மனோன்மணீயத்தில் சேரனுக்கும் பாண்டியனுக்கும் இடையே மூளும் பகையில் நாஞ்சில் நாட்டு உரிமை ஒரு காரணமாக வருகிறது. மார்த்தாண்டவர்மாவின் கதை நிகழும் பத்மநாபபுரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு நகர்ந்தபோது நாடகம் வழக்காடிய மண்ணும் நாவல் நடந்த மண்ணும் சேர்ந்தே சென்னை மாநிலத்துக்கு வந்தன. நூல்கள் மட்டும் இரண்டு துறைகளின் அலமாரிகளில் தனித்தனியே தங்கிவிட்டன. மருமக்கள்தாயத்தைத் தமிழில் எள்ளி நகையாடிய கவிமணியின் ‘மருமக்கள் வழி மான்மியம்’ ஒரு பக்கம். 1889-இல் மலையாளத்தில் அதே குடும்ப அமைப்பை விசாரித்த சந்து மேனோனின் ‘இந்துலேகா’ இன்னொரு பக்கம். ஒரே சட்டத்தின் கீழ் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய இந்த நூல்களைச் சேர்த்துப் படிக்க எந்த மேலைக் கோட்பாடும் அனுமதிச் சீட்டுத் தர வேண்டியதில்லை. இரு மொழிகளிலும் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு மாணவர் போதும்.

அத்தகைய மாணவர் கிடைக்காதபோது அனாதையாவது வாய்மொழி இலக்கியம். கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைத் தமிழர் கதைப்பாடல் என்பர்; மலையாளிகள் தெக்கன் பாட்டு என்பர். இரண்டு இலக்கிய வரலாறுகளிலும் அதற்கு ஓரத்தில்தான் இடம், ஏனெனில் அதன் மொழி இரண்டு பாடத்திட்டங்களுக்கும் முழுமையாகப் பிடிபடுவதில்லை. ஆற்றுகால் பகவதி கோயிலின் திருவிழாவில் தோற்றம்பாட்டாகக் கண்ணகி கதை பாடப்படுகிறது. பாண்டியன் வதம் பாடப்பட்ட பிறகே பொங்கலடுப்புகள் மூட்டப்படுகின்றன. இலட்சக்கணக்கான பெண்கள் கூடும் அந்த நாளில் சிலப்பதிகாரத்தின் ஓர் உறவு நகரின் நடுவே உயிரோடு நிற்கிறது. மட்டக்களப்பில் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகிறது. சிங்களவர் பத்தினித் தெய்யோ என்று வழிபடும் மரபைப் பற்றிக் கணநாத் ஒபேசேகர 1984-இல் பெருநூல் ஒன்றே எழுதினார். தமிழ், மலையாளம், சிங்களம் என்று மூன்று மொழிகளிலும் கண்ணகி நடந்திருக்கிறாள். அவளைத் தொடர்ந்து செல்லும் ஆய்வாளருக்கு ஒரு மொழியோடு நிற்க உரிமை இல்லை.

‘மலையாளம்தானே, கேட்டாலே புரிகிறதே’ என்ற பதில் இங்கே வரும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தமிழில் சம்சாரம் மனைவி, மலையாளத்தில் பேச்சு. தமிழில் அவசரம் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. தமிழில் வெள்ளம் ஊரை அழிப்பது. மலையாளத்தில் தாகத்துக்குக் குடிப்பது. சொல் ஒன்றாக இருப்பதாலேயே பொருள் தவறும் மொழிகள் இவை. அந்நிய மொழியைப் படிப்பவர் அகராதியைத் திறப்பார். அண்டை மொழியைப் படிப்பவர் திறக்கமாட்டார்.

சொல்லைவிட இலக்கணம் இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. தமிழின் வினைமுற்று வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன் என்று ஆளைச் சொல்லிவிடும். மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் ‘வந்நு’ ஒன்றுதான். சங்க அகப்பாடலில் யாருக்கும் பெயர் இல்லை; வினைமுற்றின் விகுதிதான் ஆணா பெண்ணா, நெருக்கமா மதிப்பா என்பதைக் காட்டுகிறது. தலைவனைத் தோழி ‘வாரான்’ என்பதற்கும் ‘வாரார்’ என்பதற்கும் இடையே ஓர் உறவின் தூரம் இருக்கிறது. அப்பாடலை இன்றைய மலையாளத்துக்குக் கொண்டுசெல்பவர் விகுதியில் இருந்ததை ஒரு தனிப் பெயர்ச்சொல்லாக வெளியே எடுத்துவைக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். எதைச் செய்தாலும் அது ஒரு விளக்கம். மலையாளப் பெயர்ப்பை மட்டும் வைத்துச் சங்கக் கவிதையின் ‘பூடகத்தன்மை’ பற்றிப் பேசும் ஆய்வாளர், தமிழில் இல்லாத பூடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக்கூடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘இராமசரித’த்தில் அந்த விகுதிகள் இன்னும் வழங்குகின்றன. இன்றைய மலையாள மாணவருக்குக் கடினமாக இருக்கும் அந்த நூல் தமிழ் மாணவருக்கு ஓரளவு கைவரும். தமிழ் எழுத்துகளால் அமைந்து எதுகையும் மோனையும் கொண்டதே பாட்டு என்று பதினான்காம் நூற்றாண்டு ‘லீலாதிலகம்’ வரையறுத்தது. அந்த நூல் எழுதப்பட்டது சமஸ்கிருதத்தில். அது பேசுவது கேரளத்து மொழியை. அளவுகோலாக அது கையாள்வது தமிழை. அந்த ஆசிரியருக்கு மூன்று மொழிகள் தேவைப்பட்டன. இருபத்தோராம் நூற்றாண்டின் முனைவர் பட்டத்துக்கு ஒன்றே போதும் என்று யார் முடிவு செய்தது?

இனி, இந்தக் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படுபவை.

மொழிபெயர்ப்பு போதாதா என்பது முதலாவது. படித்து மகிழ மொழிபெயர்ப்பு போதும். அதற்கு நன்றி சொல்லவும் வேண்டும். தகழியின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ இரண்டையும் தமிழுக்குத் தந்தவர் சுந்தர ராமசாமி. அப்பெயர்ப்புகள் இல்லையென்றால் தமிழ் வாசகருக்குத் தகழி இல்லை. ஆனால் தகழியின் நடையைத் தமிழ் நாவலாசிரியர் ஒருவரின் நடையோடு ஒப்பிடும் ஆய்வேடு அந்தத் தமிழ்ப் பிரதியை மட்டும் சான்றாக வைத்தால், அது உண்மையில் ஒப்பிடுவது சுந்தர ராமசாமியின் நடையை. தலைப்பில் மட்டும் தகழி இருப்பார். ஒரு நூலின் கதைப்போக்கைப் பற்றிப் பேச மொழிபெயர்ப்பு சான்றாகலாம். சொல், நடை, யாப்பு பற்றிப் பேச அது சான்றாகாது. இந்த எளிய வேறுபாட்டை நெறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் கையொப்பமிடுகிறார்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரி மீது இன்னொரு மொழியின் சுமையை ஏற்றலாமா என்பது இரண்டாவது. மேலோட்டமாகப் பார்த்தால் இது மாணவர் பக்கம் நிற்கும் வாதம். உண்மையில் ஏற்கெனவே ஒரு சுமை ஏற்றப்பட்டிருக்கிறது. அதன் பெயர் ஆங்கிலம். இன்றைய ஒப்பிலக்கியத் தாள் பாரிசிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆங்கில வழியாக வந்த வரையறைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறது. பாறசாலையிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் பேருந்தில் வரும் மாணவர் அங்கே பின்தங்கிவிடுகிறார். அதே மாணவர் வீட்டில் ஒரு மொழியும் கடையில் ஒரு மொழியும் பேசி வளர்ந்தவர். நகரத்தில் வசதியோடு பிரெஞ்சு படித்தவருக்கு இல்லாத முதல் அவரிடம் இருக்கிறது. அவர் வாயில் இருக்கும் இரண்டாம் மொழியை எழுத்துக்குக் கொண்டுவர ஒரு பருவம் போதும். ஏ. ஆர். ராஜராஜவர்மா ‘கேரளபாணினீய’த்தில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆறே நியமங்களில் அடக்கிக் காட்டினார். வரலாற்று மொழியியல் அவற்றைப் பின்னர் திருத்தியிருக்கலாம். வந்து என்பது வந்நு ஆவதும் அடித்து என்பது அடிச்சு ஆவதும் விகுதி உதிர்வதும் அறிந்த தமிழ் மாணவருக்கு ஒரு மலையாளப் பக்கம் திறந்துகொள்ளும் என்பதில் மாற்றமில்லை. பேச்சுத் தமிழில் ‘அடிச்சு’ அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

வேலை கிடைக்குமா என்பது மூன்றாவது. இதை எள்ளிப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. பல்கலைக்கழக மானியக்குழுவின் நெட் தேர்வில் ஒப்பிலக்கியம் தனிப் பாடமாக இருக்கிறது. ஆனால் ஜாதவ்பூர், ஹைதராபாத், காசர்கோட்டிலுள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களை விட்டால் அப்பெயரில் துறைகள் அரிது. துறை இல்லாத இடத்தில் பணியிடமும் இல்லை. தனிப்பட்டம் பெற்றவர் தமிழ்ப் பணியிடத்துக்கு விண்ணப்பித்தால் இணைத்தகுதிச் சான்று கேட்டு அலைய நேரும். ஆகவே இன்னொரு புதிய பட்டத்தைத் தொடங்குவது தீர்வாகாது. மாணவர் தமிழ் முதுகலை, மலையாள முதுகலை என்ற பெயரிலேயே பட்டம் பெறட்டும். அதற்குள் இரண்டாம் மொழி கட்டாயமாகட்டும். பட்டத்தின் பெயர் மாறாது; பட்டதாரியின் திறன் மாறும். இரு மொழிகளிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பு, பதிப்பு, சுவடியியல் ஆகிய வழிகளும் திறக்கும். காரியவட்டம் வளாகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனச் சுவடி நூலகத்தில் பல்லாயிரம் ஓலைகள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியவர் கோட்பாட்டாளர் அல்லர், எழுத்தறிந்தவர்.

நான்காவது வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படாதது. தமிழையும் மலையாளத்தையும் பக்கத்தில் வைத்தால் யார் மூத்தவர் என்ற சண்டை வந்துவிடும் என்ற அச்சம் அது. மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழிலிருந்து பிறந்தவை என்னும் பகுதியை நீக்கிவிட்டே தமிழக அரசு 1970-இல் அதை வாழ்த்துப் பாடலாக ஏற்றது. மேடைக்கு அந்த நீக்கம் பொருந்தலாம், வகுப்பறைக்குப் பொருந்தாது. திருவனந்தபுரத்தில் மலையாளிகளிடையே வாழ்ந்த ஒரு தத்துவப் பேராசிரியர் ஏன் அவ்வாறு எழுதினார்? 1856-இல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அந்தத் தலைமுறைக்கு என்ன துணிவைத் தந்தது? இவை விவாதிக்க வேண்டிய கேள்விகள். இன்றைய மொழியியல், தமிழும் மலையாளமும் ஒரு பொதுநிலையிலிருந்து கிளைத்தவை என்று கூறுகிறது. சொத்துவழக்கை முடிக்க அது போதும். இலக்கிய ஒப்பீடு அந்த வழக்கின் தொடர்ச்சி அன்று. மறுமொழியைப் படித்தவர்கள் குறைவாக இருப்பதால்தான் மூப்புச் சண்டை இவ்வளவு எளிதாக நடக்கிறது.

ஒப்பீடு கேள்வியிலிருந்து பிறக்க வேண்டும் என்பதைத் தமிழுலகம் அறியாததல்ல. க. கைலாசபதியின் ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ பற்றிய ஆங்கில நூல் 1968-இல் வந்தது. சங்கப் பாடல் ஹோமருக்கு நிகர் என்று பெருமை பேச அவர் கிரேக்கத்தை நாடவில்லை. பாணர் வாய்மொழியாகப் பாடல் புனைந்த முறை எது என்ற கேள்வி அவரை அங்கே கொண்டுசென்றது. அவர் முடிவுகளை மறுப்பவர்கள்கூட அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை. இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறையை 1956-இல் ஜாதவ்பூரில் நிறுவிய புத்ததேவ போஸ் வங்கக் கவிஞர்; போதலேரை வங்கத்துக்குக் கொண்டுவந்தவர். அவருக்கு மொழிகளைக் கற்பது இந்தத் துறைக்கு வெளியே இருந்த வேலை அல்ல. காயத்ரி ஸ்பிவாக் 2003-இல் இத்துறையின் மரணத்தைப் பற்றி எழுதியபோதும், தென்னுலக மொழிகளை ஆழ்ந்து கற்பதையே அதன் மீட்சியாகக் கண்டார். அவர் பெயரை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் அந்த அறிவுரையை அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்கின்றன.

காலமும் குறுகிவிட்டது. மானியக்குழுவின் 2022 விதிகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்தின. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே மாணவர் ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளக் கிடைத்த அந்த இடைவெளி இன்று இல்லை. இனி அந்த வேலை முதுகலைக்குள்ளேயே நடந்தாக வேண்டும். இல்லையென்றால் நடக்கவே நடக்காது.

செய்ய வேண்டியவை ஐந்து. முதுகலையின் முதற்பருவத்திலேயே மறுமொழி எழுத்தும் வாசிப்பும் கட்டாயமாக வேண்டும். அதற்குத் தமிழ்த்துறையும் மலையாளத்துறையும் ஆசிரியரைப் பரிமாறிக்கொண்டால் போதும். ஒப்பிலக்கியத் தாளின் வினாத்தாளில் பாதி மதிப்பெண், கொடுக்கப்பட்ட இரு மூலப்பகுதிகளைப் படித்து எழுதுவதற்கு ஒதுக்கப்பட வேண்டும். ஒப்பாய்வு ஏட்டுக்கு இரு மொழித்துறைகளிலிருந்தும் நெறியாளர் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் மறுமொழிப் புலமையுள்ள புறத்தேர்வாளர் கேள்வி கேட்க வேண்டும். நடை பற்றியும் யாப்பு பற்றியும் பேசும் எந்த மேற்கோளும் மூலமொழியில், மூல எழுத்தில் தரப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை.

தேவைப்படுவது துறைத்தலைவர்களின் ஒப்புதல். இந்த ஐந்தையும் ஏற்க மனமில்லாத துறைகள் வேறொன்றைச் செய்யலாம். பாடத்திட்டத்திலிருந்து ஒப்பிலக்கியம் என்ற பெயரை எடுத்துவிட்டு ‘ஒப்பிலக்கியக் கோட்பாடுகளின் வரலாறு’ என்று எழுதிக்கொள்ளலாம். மாணவர் எதைக் கற்றார், எதைக் கற்கவில்லை என்பதாவது அப்போது மதிப்பெண் பட்டியலில் உண்மையாக இருக்கும்.